மடிச்சூடு மலர்ந்த கை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டது. அப்படிச் சும்மா இருந்த காலத்துக்கெல்லாம் வட்டியும் முதலுமாக ஈடுகட்டியது இந்த நறுமண நிறுவனம்தான் என்றால் மிகையே இல்லை. மற்ற கம்பெனி சென்ட்டெல்லாம் அடித்ததும் மணக்கும், சாயங்காலத்துக்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இந்த நிறுவனத்தின் சென்ட் அவ்வளவு மரியாதை கெட்டதல்ல. அது தோலின்மேல் 'மலரும்'. அதுவும் கால அட்டவணைப்படி மலரும். முதல் கட்டத்தில் பழம், இரண்டாம் கட்டத்தில் பூ, மூன்றாம் கட்டத்தில் இதமான சூடு. பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் போய் அறிவியல் வாத்தியார் வருகிற மாதிரி, ஒன்று போனதும் அடுத்தது வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் விசாரணை உண்டு.

இப்படி மலர்கிறதா என்று பார்க்க ஒரு தோல் வேண்டுமல்லவா? காகிதத் துண்டில் அடித்தும் பார்க்கலாம்தான். ஆனால் காகிதத்துக்குச் சூடு கிடையாது, வியர்வை கிடையாது, திட்டினால் உறைக்காது. ஆகவே நிறுவனம் பெருந்தன்மையோடு மனிதர்களையே வேலைக்கு வைத்திருந்தது. மனிதர்கள் என்றால் முழுசாக அல்ல, தேவைப்பட்ட பாகம் மட்டும். ஒருத்தியின் இடது முன்கை, ஒருவரின் பின்கழுத்து. அலுவலகத்தில் அவர்களுக்குப் பெயரே அதுதான். "இடக்கை வந்தாச்சா?", "பின்கழுத்து ஏன் தும்முது?" என்று அதிகாரிகள் உரிமையோடு கேட்டுக்கொள்வார்கள். தலைவருக்கே 'பெரிய மூக்கு' என்றுதான் பெயர். அது யாரும் மறைவில் வைத்த பட்டப்பெயர் இல்லை, அவர் அறைக் கதவிலேயே பித்தளையில் பொறித்திருந்தார்கள். பார்க்கப்போனால் அவர் மூக்கு ரொம்பச் சின்னது.

இந்தக் கதை இடக்கையினுடையது. அவள் அந்த நிறுவனத்தில் சேர்ந்து பல வருஷமாகியும் இன்னும் 'தற்காலிகம்'. நிரந்தரப் பணியாளருக்கும் தற்காலிகப் பணியாளருக்கும் அங்கே பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நிரந்தரத்தின் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் லீவு உண்டு. தற்காலிகத்தின் பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் அது அந்தப் பிள்ளையின் சொந்தப் பொறுப்பு. இடக்கையின் மகளோ பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் தனக்கும் ஒன்று வாங்கிக்கொள்கிற ரகம். போன தடவை சளி கட்டி அது மூச்சுக்குத் திணறியபோது, அம்மாக்காரி கையை மெத்தைத் திண்டின்மேல் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே மனசில் முடிவு கட்டிவிட்டாள். எப்படியாவது நிரந்தரம் ஆகிவிட வேண்டும், அடுத்த தடவை பிள்ளை படுத்தால் நாமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று.

சோதனைக் கூடத்துச் சுவரில் 'கைநடத்தை விதிகள்' மாட்டியிருந்தது. வெங்காயம் நறுக்கக் கூடாது, பூண்டு தொடக் கூடாது, வாசனை சோப்பு ஆகாது, சென்ட் தெளித்த கையைக் கழுவக் கூடாது, வெயில் ஆகாது, வளையல் ஆகாது. வேலை முடிந்தபின்னும் கைக்கு வெள்ளைத் துணி உறை மாட்டித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். கடைசி விதிதான் மணிமகுடம்: 'குழந்தை, கணவன், நாய் ஆகியவற்றிடமிருந்து கையைத் தள்ளி வைக்கவும்.' சேர்ந்த புதிதில் அவள் மனிதவள அம்மையாரிடம் போய், எங்க வீட்டுல நாய் இல்லீங்களே என்று சொல்லிப் பார்த்தாள். அம்மையார் யோசித்துவிட்டு, அப்படின்னா மத்த ரெண்டை மட்டும் கடைப்பிடிங்க என்று சலுகை கொடுத்தார்.

அவள் புருஷன் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் நின்று விசில் ஊதிவிட்டு வந்து வெங்காயமும் அவனே நறுக்குவான், பாத்திரமும் அவனே கழுவுவான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, நான்தான் உன்னைக் கல்யாணம் பண்ணினேன், உன் இடது கையை மட்டும் எவனோ தள்ளிக்கிட்டுப் போயிட்டான் என்பான். பிள்ளைக்கு வலது இடுப்பு, வலது தோள், படுக்கையில் வலது பக்கம். தெரியாமல் இடது பக்கம் உருண்டு வந்து கன்னத்தை வைத்தால் அம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள். பேச்சு வந்த கொஞ்ச நாளிலேயே அது பாடம் படித்துவிட்டது. வலது கையைத் தொட்டு, "இது அம்மா கை" என்றது. இடது கையைத் தொடாமல் சுட்டிக் காட்டி, "அது ஆபீஸ் கை" என்றது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பிள்ளையின் சமத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இடது கையின் உறையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

இந்த நிலையில்தான் நிறுவனம் தன் மகத்தான படைப்பான 'மடிச்சூடு' சென்ட்டை வெளியிடத் தீர்மானித்தது.

நிறுவனத்தின் வேலைமுறையைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மற்ற இடங்களில் சென்ட்டைச் செய்துவிட்டு, அது எப்படி மணக்கிறது என்று எழுதுவார்கள். அது பழைய பஞ்சாங்கம். இங்கே முதலில் வர்ணனைத் துறைத் தலைவர் எழுதுவார். பிறகு விளம்பரத் தட்டி அச்சாகும். அதன் பிறகுதான் கலவைக்காரருக்கு விஷயமே தெரியும். மடிச்சூடுக்கு வர்ணனையாளர் இப்படி எழுதியிருந்தார்: 'முதலில் பழுத்த பீச்சும் பேரிக்காயும் உங்கள் கன்னத்தைக் கிள்ளும். பின்னர் மல்லிகையும் ரோஜாவும் காதோடு ரகசியம் பேசும். இறுதியில் வெனிலாவும் சந்தனமும் இழைந்து, தாயின் மடியில் தலை சாய்த்த அந்தச் சூடு உங்கள் தோலில் மலரும்.' எழுதிவிட்டு அவரே இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டதாகச் சொல்வார்கள். அவருடைய தாயார் அதே தெருக்கோடியில்தான் இருக்கிறார், போய்ப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் இல்லை.

இடக்கையின் முன்கையில் மடிச்சூடு முதன்முதலாகத் தெளிக்கப்பட்டது. பழம் சொன்ன நேரத்துக்கு வந்தது. பூவும் வந்தது. பெரிய மூக்கு கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு குனிந்து மோந்து, பேஷ் என்றார். மத்தியானம் தாண்டி மூன்றாம் கட்டம் வர வேண்டிய நேரத்தில் மறுபடி குனிந்தார். நிமிர்ந்தார். இன்னொரு தடவை குனிந்தார்.

"அலமாரி" என்றார்.

மற்றவர்களும் பதவி வரிசைப்படி மோந்தார்கள். ரொம்ப நாள் திறக்காமல் வைத்த மர அலமாரிதான், சந்தேகமே இல்லை. மறுநாளும் அலமாரி, அதற்கு மறுநாளும் அலமாரி. உடனே அவசரக் கூட்டம் கூடியது. காகிதத்தில் அடித்தால் ஓரளவு வருகிறதே, ஆகவே கலவை சரி என்றார் கலவைக்காரர். தட்டி அச்சாகிவிட்டது, ஆகவே வர்ணனை சரி என்றார் வர்ணனையாளர். என் மூக்கைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார் பெரிய மூக்கு. பின்கழுத்து மட்டும் ஒரு மூலையிலிருந்து, ஏசியைக் கொஞ்சம் குறைத்தால் தோலுக்குச் சூடு வருமே என்று முனகிப் பார்த்தார். பெரிய மூக்கு கோட்டு இல்லாமல் கூட்டத்துக்கு வருவதில்லை, கோட்டுக்குக் குளிர் வேண்டும், ஆகவே அந்த யோசனை குறிப்பில் ஏறவில்லை. எல்லாம் சரி, எல்லாரும் சரி என்று ஆனபின் பாக்கி இருந்தது தோல் ஒன்றுதான். 'கை ஒத்துழைக்கவில்லை' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மனிதவள அம்மையார் அவளைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். நிறுவனம் உங்களைக் குடும்பமாக நினைக்கிறது, குடும்பத்தில் ஒருவர் இப்படி அலமாரியாக மணந்தால் மற்றவர்களுக்குக் கஷ்டமாக இருக்காதா என்று கேட்டார். மனசார ஈடுபட வேண்டும், கை உங்களைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்ளும் என்று அறிவுரை சொன்னார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். விற்பனையாளர்கள் எல்லாரும் கூடுகிற நாளில் மூன்றாம் கட்டம் மலர்ந்துவிட்டால் அந்த இடத்திலேயே நிரந்தர உத்தரவில் கையெழுத்து. மலராவிட்டால் வேறொரு கையை ஏற்கெனவே நேர்காணல் செய்து வைத்திருக்கிறார்கள், நல்ல கூச்ச சுபாவமுள்ள கை.

பாவம், அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். கம்பளி சுற்றிப் பார்த்தாள். சுடுதண்ணீர்ப் பையை வைத்துப் பார்த்ததில் மூன்றாம் கட்டத்தில் ரப்பர் மலர்ந்தது. மனசார ஈடுபட்டும் பார்த்தாள், கண்ணை மூடித் தாய்மடியை நினைக்கச் சொன்னார்கள், நினைத்தால் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவந்த பிள்ளைதான் முன்னால் வந்து நின்றது. அலமாரி மட்டும் அசையவில்லை.

விற்பனையாளர்கள் கூடுகிற நாளும் வந்தது. மண்டபத்தில் தாயும் சேயுமாக ஆளுயரத் தட்டி. அந்தத் தாய் இரண்டு கையாலும் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு விதிகள் பொருந்தாது போலிருக்கிறது. காலையில் மடிச்சூடு தெளித்தார்கள். பழம் வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனது. பூ வந்து ரகசியம் பேசிக்கொண்டிருந்தபோது காப்பகத்திலிருந்து போன் வந்தது. பிள்ளைக்கு உடம்பு கொதிக்கிறது, அம்மா அம்மா என்று அனத்துகிறது, யாராவது சீக்கிரம் வாங்க என்று காப்பகத்து அக்கா சொன்னாள். புருஷன் பஸ்ஸில் இருந்தான், நடை முடிந்தால்தான் இறங்க முடியும். காப்பகம் அடுத்த தெருதான். அவள் அம்மையாரிடம் ஓடினாள்.

"நீங்க தாராளமா போயிட்டு வாங்க. யாரு தடுத்தா?" என்றார் அம்மையார். "கை மட்டும் இங்க இருக்கட்டும்."

வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மையார் அலுவலக நேரத்தில் வேடிக்கை பேசுகிறவரல்ல.

"கையை விட்டுட்டு எப்படி மேடம் போறது?"

"அதைத்தானே நானும் சொல்றேன். முடியாதுல்ல? அப்ப உக்காருங்க."

அவள் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த சூடு நாற்காலியில் ஏறுவதற்குள் எழுந்துவிட்டாள். பின்கழுத்து ஒன்றுமே கேட்கவில்லை. போயிட்டு வா தாயி, யாராவது கேட்டா நான் பார்த்துக்கறேன் என்றார். கை கழுவப் போயிருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணா என்று சொல்லிவிட்டு, கைக்கு உறையை மாட்டிக்கொண்டு அவள் பின்வாசல் வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது. கன்னம் இரண்டும் பழுத்திருந்தன, நெற்றி முடி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் பழக்கம் மாறாமல் வலது தோளுக்குத் தாவியது. மருந்துக் கரண்டியைப் பிடிக்க வலது கை வேண்டும். அவள் பிள்ளையை மடியில் கிடத்தி, இடது கையால் தலையைத் தாங்கப் போனாள். அவ்வளவு காய்ச்சலிலும் அது கழுத்தைத் திருப்பிக்கொண்டு விலகியது.

"அது ஆபீஸ் கை" என்றது.

உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறபோதும் தன் பிள்ளை விதிப்படி நடக்கிறது. இந்தச் சமத்தை யார் கேட்டார்கள் என்று அவளுக்கு இருந்தது. பல்லால் உறையைக் கடித்து இழுத்து எறிந்தாள்.

"இல்லடி கண்ணு. இதுவும் அம்மா கைதான். வா."

பிள்ளை ஒரு நொடி நம்பாமல் பார்த்தது. அப்புறம் முழங்கை மடிப்பில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டது. கண்ணீர், எச்சில், வியர்வை, வழிந்த மருந்து எல்லாம் முன்கையில் இறங்கின. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அனத்தலை நிறுத்திக் கண்ணை மூடியபோது புருஷன் டிக்கெட் பையைக்கூடக் கழற்றாமல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான்.

"நீ போ, நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றான். "இன்னிக்குக் கையெழுத்தாயிட்டா அடுத்த காய்ச்சலுக்கு நீ கூட இருக்கலாம்ல."

அவள் கீழே கிடந்த உறையை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள். கழுவ நேரமில்லை, கழுவவும் கூடாது.

மண்டபத்தில் சிவப்பு வெல்வெட் திண்டின்மேல் கை வைக்கப்பட்டது. உறையை அம்மையார் தன் கையாலேயே நீக்கினார். பெரிய மூக்கு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அலமாரியை எதிர்பார்க்கிற முகத்தோடு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது, யாரையோ தேடுகிற மாதிரி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கலவைக்காரர் மோந்துவிட்டு, தான் என்ன கலந்தோம் என்று யோசிக்க ஆரம்பித்தார். வர்ணனையாளர், நான் எழுதினதுதான், நான் எழுதினதேதான் என்று புலம்பினார். கரடுமுரடான ஒரு விற்பனையாளர் மோந்த கையோடு வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டு, சும்மாதான் கூப்பிட்டேன் என்றார். அம்மையார் தன் முறை முடிந்து போனவர் இன்னொரு தடவை வரிசையில் வந்து நின்றார்.

"மூன்றாம் கட்டம் மலர்ந்துவிட்டது" என்று பெரிய மூக்கு அறிவித்தார். மண்டபமே கைதட்டியது, அவளைத் தவிர. அவளுடைய ஒரு கை திண்டில் இருந்தது. பேனா வந்தது. நிரந்தர உத்தரவில் பெரிய மூக்கு கையெழுத்துப் போட்டு, வலது கையால் வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதியும் கொடுத்தார்.

வாயை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்துக் கையை நீட்டினாள். ஆனால் அம்மையார் மூன்றாவது தடவையும் குனிந்து, கண்ணை மூடி, ஆகா, எங்கிருந்துதான் இப்படி வருதோ என்று உருகினார் பாருங்கள், அங்கேதான் அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. காலையில் போகாதே என்று உட்காரவைத்த அதே முகம்.

"அது உங்க சென்ட் இல்ல மேடம்" என்றாள். "என் பொண்ணு. காய்ச்சல்ல கிடக்கா. இந்தக் கையிலதான் தூக்கி வச்சிருந்தேன்."

சாதாரண மனிதர்களாக இருந்தால் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். நிறுவனத்தின் மேன்மையே அங்கேதான் தெரிந்தது. ஒருவர் தலையும் குனியவில்லை. பெரிய மூக்கு தாடையைத் தடவி யோசித்தார்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"காய்ச்சல் சார்."

"காய்ச்சலோடதான்."

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பிள்ளையை 'துணைச் சூடு (தற்காலிகம்)' என்ற பதவியில் சேர்த்துக்கொள்வதாகப் பெரிய மூக்கு உத்தரவிலேயே ஓரமாக எழுதினார். பிள்ளையை இடது கையில் வைத்துக்கொள்வது இனி அலுவலகத்தில் மட்டும்தான், வீட்டில் அதைச் செய்து வீணடிக்கக் கூடாது என்று ஒரு விதியும் சேர்ந்தது. காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும் என்று கலவைக்காரர் விசாரித்தார். அம்மையார் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மிகுந்த பரிவோடு கேட்டார்.

"அடுத்த காய்ச்சல் எப்ப வரும்னு கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டீங்கன்னா, கூட்டத்தை அதுக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கலாம். வசதியா இருக்கும், உங்களுக்கும்தான்."

அவள் திண்டிலிருந்து கையை எடுத்தாள். உத்தரவு மேஜையிலேயே கிடந்தது. உறையை மடித்து அதன்மேல் வைத்தாள்.

"கை போகுது மேடம்" என்றாள். "நீங்க இங்கயே இருங்க."

வீட்டில் புருஷன் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாதி நறுக்கிய வெங்காயம். நடந்ததைக் கேட்டான். தன் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை எப்படி ஓட்டப்போகிறோம் என்று கேட்க வாயெடுத்தான், அவள் முகத்தைப் பார்த்தான், கத்தியையும் வெங்காயத்தையும் அவள் பக்கம் தள்ளினான். பல வருஷம் கழித்து அவள் இரண்டு கையாலும் வெங்காயம் நறுக்கினாள். கண்ணீர் கொட்டியது, நல்லவேளையாக வெங்காயம் இருந்தது. பிறகு சும்மா ஒரு தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு போய்ப் பிள்ளை தன் இடது கைப்பக்கம் வரும்படியாகப் படுத்தாள். பிள்ளை தூக்கத்திலேயே மோந்து பார்த்தது.

"ஆபீஸ் கையா?"

"ஆபீஸ் போச்சுடி. கை மட்டும் இருக்கு."

பிள்ளைக்கு அந்த ஏற்பாடு திருப்தியாக இருந்திருக்க வேண்டும். கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டது.

மடிச்சூடு இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதே தட்டி, அதே தாய், அதே சேய். வாங்குகிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாதே என்று நிறுவனம் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் நேர்மையாக அச்சடித்தும் இருக்கிறது: பழமும் பூவும் நிறுவனத்தின் பொறுப்பு, மூன்றாம் கட்டம் அவரவர் தோலின் பொறுப்பு. ரொம்பச் சரி. அந்தச் சூடு மலர வேண்டுமென்றால் ஒரு பிள்ளை வேண்டும், அதைத் தூக்க ஒரு கை வேண்டும். அந்த இரண்டையும் இத்தனை வருஷம் ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பார்த்துக்கொண்ட பெருமை மட்டும் முழுக்க முழுக்க நிறுவனத்தையே சேரும்.